நன்றாக ஓடும் வண்டியின் குறை

ஒரு வாகனத்தின் பழுதுகளில் பெரும்பாலானவை ஓட்டுகிறவரின் உடலில்தான் முதலில் தெரிகின்றன. பிரேக் தேய்ந்தால் கால் அறிகிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் கை அறிகிறது. கிளட்ச் நழுவினாலும் டர்போ சோர்ந்தாலும் ஏற்றத்தில் வண்டி திணறுவது நமக்கே தெரிந்துவிடுகிறது. வலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நோயும் இருக்கும் என்ற நம் பழைய நம்பிக்கையை இந்தப் பழுதுகள் கலைப்பதில்லை. ஆனால் இன்றைய டீசல் கார்களில் ஒரு பழுது இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் நிற்கிறது. வண்டி வழக்கம்போல் இழுக்கிறது, மைலேஜ் குறையவில்லை, சத்தம் மாறவில்லை. எனினும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது. இன்னும் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது என்ற அறிவிப்பு வருகிறது. ஓட்ட ஓட்ட அந்த எண் குறைந்துகொண்டே போகிறது. லாரிக்காரர்கள் யூரியா என்றும், கடைகளில் டிஇஎஃப் என்றும் ஆட்ப்ளூ என்றும் கேட்டு வாங்கும் திரவத்தின் அமைப்பில் எங்கோ கோளாறு.

அப்போது நம் மனத்தில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? மிக இயல்பான கேள்வி. சற்று நின்று அதையே திரும்பக் கேட்டுப் பார்த்தால், வாழ்வின் கடினமான கேள்விகளுள் ஒன்று அதற்குள் அடங்கியிருப்பது புலப்படும். நன்றாக இருக்கிறது என்று யார் சொல்ல வேண்டும்? உள்ளே அமர்ந்திருப்பவரா, பின்னால் நிற்பவரா?

காரில் நாம் ஊற்றுகிற மற்ற எல்லாத் திரவங்களும் வண்டிக்காகவும் நமக்காகவும் இருப்பவை. டீசல் ஓட்டுகிறது, ஆயில் காக்கிறது, கூலன்ட் தணிக்கிறது. இந்த ஒரு திரவமோ எஞ்சினுக்குள் போவதே இல்லை. எஞ்சின் தன் வேலையை முடித்து, தனக்கு வேண்டாததை வெளியே தள்ளிய பிறகு, அந்தப் போக்குக் குழாயில் தெளிக்கப்படுகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். சாதாரணமாக எதோடும் சேராமல் ஒதுங்கி நிற்கும் சாதுவான வாயு. டீசல் எஞ்சினின் கடும் வெப்பத்தில் அதுவே ஆக்சிஜனோடு பிணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. அவை காற்றில் கலந்து, வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகவும் நுண்துகள்களாகவும் உருமாறி, மனிதரின் மூச்சுக்குழலுக்கு வந்து சேர்கின்றன. கண்ணாடியை ஏற்றி ஓட்டுகிறவருக்கு இதில் எதுவும் தெரிவதில்லை. சிக்னலில் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கும் குழந்தைக்கும், சாலையோரத்தில் நாள் முழுவதும் பழம் விற்பவருக்குமே அதன் பங்கு போய்ச் சேர்கிறது. ஆக, அந்தத் தொட்டியில் நாம் ஊற்றுவது முகம் தெரியாத மனிதர்களுக்காக. அவர்கள் நமக்கு நன்றி சொல்லப்போவதில்லை. ஊற்றாமல் விட்டால் நம்மை அடையாளம் காணப்போவதும் இல்லை.

அந்தத் திரவத்தின் இயல்பே ஒரு சிந்தனைக்குரிய பொருள். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா. மீதி, தாதுக்கள் நீக்கிய நீர். யூரியா நம் உடலுக்குப் புதிதன்று. உடலில் சேரும் அம்மோனியாவின் நஞ்சை முறிக்கக் கல்லீரல் அதை யூரியாவாக்குகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. 1828-இல் வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர் யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியபோது, உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் நடுவே மனிதர் எழுப்பியிருந்த சுவரில் ஒரு வாசல் திறந்தது. போக்குக் குழாயின் சூட்டில் இந்த யூரியா மறுபடியும் அம்மோனியாவாகப் பிரிகிறது. குழாயில் பொருத்திய வினையூக்கியின் மேல் அந்த அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் சந்திக்கும்போது, இதிலிருந்து ஒன்றும் அதிலிருந்து ஒன்றுமாக இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைந்து, பழைய சாதுவான நைட்ரஜனாகவே வெளியேறுகின்றன, உடன் நீராவி. அம்மோனியா தயாரிக்கும் ஆலையும் தன் நைட்ரஜனைக் காற்றிலிருந்துதான் எடுத்தது. காற்றிலிருந்து பிரிந்து இரு வேறு வழிகளில் அலைந்த இரண்டு அணுக்கள் ஓர் இருண்ட குழாயில் கூடித் தம் பழைய அமைதிக்குத் திரும்புகின்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதி, டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு அளவைக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாகக் குறைத்தது. அந்தக் குறைப்பின் பாரத்தில் பெரும்பங்கை இன்று பல கார்களில் இந்த அமைதியான சந்திப்பே சுமக்கிறது.

இப்போது பழுதுக்கு வருவோம். ஸ்கேனர் போட்டால் ஒரு பிழைக்குறி வருகிறது. அதைப் படிக்கும் விதத்தில்தான் நம் பக்குவம் முதலில் சோதிக்கப்படுகிறது. பி20இ8 என்று வந்தால் திரவத்தின் அழுத்தம் குறைவு. பம்பையோ குழாயையோ பார்க்கலாம். ஆனால் பலரையும் அலைக்கழிக்கும் பி20இஇ அப்படிப்பட்டதன்று. வினையூக்கியின் செயல்திறன் எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று மட்டும் அது சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லவில்லை. வர வேண்டிய பலன் வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அது ஒரு விளைவைப் பற்றிய தீர்ப்பு. காரணத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. நாமோ அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள். விளைவு கண்ணில் பட்ட உடனே ஒரு குற்றவாளியின் பெயர் வேண்டும் என்கிறது மனம். குறியில் வினையூக்கி என்ற சொல் இருக்கிறது. ஆகவே வினையூக்கியை மாற்று என்று முடிவு கட்டிவிடுகிறோம். காரின் விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று அவ்வளவு எளிதாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது.

உண்மையில் அந்த ஒரு தீர்ப்புக்குப் பின்னால் எத்தனை காரணங்கள் நிற்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திரவம் நீர்த்துப் போயிருக்கலாம், பம்ப் சோர்ந்திருக்கலாம், தெளிக்கும் இன்ஜெக்டரின் வாயில் வெள்ளை உப்பு படிந்து, மழைத்தூறலாக விழ வேண்டியது ஒழுகலாக விழலாம், வெளியேறுவதை அளக்கும் சென்சாருக்கு முன்னால் குழாயின் இணைப்பில் ஒரு கசிவு இருக்கலாம், போக்கு வாயுவில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு சரியாகத் திறக்காமல், எஞ்சினே அளவுக்கு மீறி நைட்ரஜன் ஆக்சைடை உண்டாக்கி, நியாயமாக வேலை செய்யும் வினையூக்கியின் மேல் சுமக்க முடியாத பாரத்தை ஏற்றியிருக்கலாம், அல்லது வினையூக்கியே உண்மையில் முதுமை அடைந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதை முதலில் மாற்றிவிட்டால் என்ன ஆகும்? சில சமயம் விளக்கு அணைந்தும் விடும். புதிய வினையூக்கியின் இளமை, பழைய குறையைச் சிறிது காலம் தன் வலுவால் ஈடுகட்டி மறைக்கும். பிறகு அதே குறி திரும்ப வரும். தவறான தீர்வு சில நாள் பலிப்பதைவிட ஆபத்தானது வேறில்லை. தோல்வி திருத்துகிறது, அரைகுறை வெற்றியோ நம்மை நம் தவற்றிலேயே உறுதிப்படுத்திவிடுகிறது.

ஆகவே நல்ல மெக்கானிக் எளியதிலிருந்து தொடங்குகிறார். முதலில் திரவத்தையே பார்க்கிறார். இரண்டு சொட்டு எடுத்து, ஒளிவிலகலை அளக்கும் சிறு கருவியில் வைத்தால் போதும், யூரியா 31.8-க்கும் 33.2-க்கும் நடுவே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்தத் திரவம் வெப்பத்தில் மூப்படையும் பொருள். 30 டிகிரிக்குள் வைத்தால் ஏறத்தாழ ஓராண்டு தாங்குவது, 35 டிகிரியில் ஆறு மாதமே தாங்கும் என்பது அதற்கான சர்வதேசத் தரநிலை தரும் கணக்கு. கத்திரி வெயிலில் கடை வாசலில் அடுக்கிவைத்த கேன்களை நினைத்தால், நம் ஊரில் இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும். வயலுக்கான யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து மலிவாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். வேப்பெண்ணெய் பூசிய அந்த உரம் மண்ணுக்கு நன்மை, வினையூக்கிக்கு நஞ்சு. குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும் இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைக்கின்றன. உழவனுக்கென்று மானியத்தில் வந்த உரம் வயலிலும் பயன்படாமல், காற்றையும் காக்காமல் வீணாவதில் இரட்டைத் தீங்கு இருக்கிறது.

திரவம் தூயதாக இருந்தும் வேலை கெடுவது உண்டு. நகருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடியும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் வண்டியில், போக்குக் குழாய் சூடேறவே நேரம் கிடைப்பதில்லை. யூரியா அம்மோனியாவாகப் பிரிய ஏறக்குறைய 200 டிகிரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சரிவர எட்டாத குழாயில் தெளிக்கப்படும் திரவத்தின் நீர் ஆவியாகிப் போய், யூரியா சுவரில் படிந்து, படிப்படியாக இறுகி, கடைசியில் வழியையே அடைக்கும் கல்லாகிறது. குற்றம் திரவத்தினுடையதும் இல்லை, பாகத்தினுடையதும் இல்லை. இரண்டும் சந்திக்க வேண்டிய சூழல் அமையவில்லை. வாழ்விலும் இதைக் காண்கிறோம். அறிவுரை நல்லது, சொல்பவர் நல்லவர், கேட்பவரும் நல்லவர். ஆனால் ஏற்கும் பக்குவம் கனியாத வேளையில் சொல்லப்பட்ட அந்த நல்ல சொல் உள்ளே கரையாமல் உறைந்து, பின்னால் வரும் சொற்களுக்கும் தடையாகிவிடுகிறது. பழுதைத் தேடுகிறவர் பாகங்களை மட்டும் பார்த்தால் போதாது, வண்டி வாழும் வாழ்க்கையையும் விசாரிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இந்தத் துறையில் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கும் உண்மை இன்னொன்று. வினையூக்கிக்குப் பின்னால் ஒரு சென்சார் அமர்ந்து, வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிறது. முழு அமைப்பும் நம்பியிருப்பது அதன் சொல்லைத்தான். ஆனால் அந்தச் சென்சாருக்கு அம்மோனியாவுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் வேறுபாடு தெரியாது. தேவைக்கு மேல் திரவம் தெளிக்கப்பட்டு, வினைபுரியாத அம்மோனியா மிஞ்சி வெளியே வந்தால், அதையும் நைட்ரஜன் ஆக்சைடு என்றே அது கணக்கிடும். நஞ்சு மிகுந்தாலும் எண் உயரும். மருந்து மிகுந்தாலும் எண் உயரும். எண்ணை மட்டும் நம்புகிற மனம் என்ன செய்யும்? நஞ்சு கூடிவிட்டது, இன்னும் மருந்து வேண்டும் என்று முடிவு செய்யும். மருந்து கூடக் கூட எண்ணும் கூடும். மிகுந்துபோன மருந்தே நோயின் முகத்தோடு நம் முன் வந்து நிற்கும் விந்தை இது.

இதிலிருந்து மீள ஒரே வழி நிறுத்திப் பார்ப்பது. தெளிப்பதைக் குறைத்துவிட்டு எண்ணைக் கவனிக்க வேண்டும். எண் ஏறினால், அது காட்டுவது மெய்யான நைட்ரஜன் ஆக்சைடைத்தான். எண் இறங்கினால், மிகுதியாகத் தெளித்ததே கோளாறு. மிக எளிய சோதனை. ஆனால் அதைச் செய்ய மனத்துணிவு வேண்டும், ஏனென்றால் நிலைமை மோசமாவதாகத் தோன்றும் நேரத்தில் மருந்தைக் குறைக்கத் துணிவது நம் இயல்புக்கு மாறானது. பிள்ளை தன்னம்பிக்கை இழந்து நிற்கும்போது நாம் அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கிய பிடியே அவனுடைய தயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஐயுறுவதில்லை. ஒரு நிர்வாகம் தன் விதிகள் மீறப்படுவதைக் கண்டு மேலும் விதிகளை இயற்றுகிறது; விதிகளின் பெருக்கமே மீறலை வளர்க்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்ப்பதில்லை. குறையால் வந்த துன்பமும் மிகையால் வந்த துன்பமும் ஒரே முகத்தோடு வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டவர்களால் மட்டுமே தம் கருணையையும் சோதனைக்கு உட்படுத்த முடிகிறது.

அப்படியானால் சென்சாரை நம்பக்கூடாதா? இங்கேதான் நாம் கவனமாக அடியெடுத்து வைக்க வேண்டும். சாட்சி தவறலாம் என்பதால் சாட்சியே வேண்டாம் என்று ஆகிவிடாது. சென்சாரும் மூப்படைகிறது, கரி படிகிறது, சூடேறிய அதன் பீங்கான் உள்ளுறுப்பு, குழாயில் தேங்கிய ஒரு துளி நீர் தெறித்தாலும் விரிசல் காணலாம். அதைச் சோதிக்கவும் நியாயமான முறை இருக்கிறது. தெளிப்பதை நிறுத்தி, வினையூக்கியில் தேங்கியிருக்கும் அம்மோனியா தீரும்வரை ஓட்டிவிட்டால், வினையூக்கிக்கு முன்னால் இருக்கும் சென்சாரும் பின்னால் இருக்கும் சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். நடுவில் மாற்றம் எதுவும் நிகழாதபோது இருவரின் வாக்குமூலமும் ஒத்துப்போனால் இருவரையும் நம்பலாம்; முரண்பட்டால், யார் பிறழ்கிறார் என்று மேலே விசாரிக்கலாம். சாட்சியின் சொல்லை அப்படியே வேதமாக ஏற்று அது சுட்டும் பாகத்தையெல்லாம் கழற்றி எறிவதும், பொய் என்று ஒதுக்குவதும், விசாரணையின் உழைப்புக்கு அஞ்சும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள்.

இவற்றைவிடத் தாழ்ந்த மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: சாட்சியின் வாயை அடைத்துவிடுவது. குறியை அழித்துவிட்டு அடுத்த வாரம்வரை நிம்மதியாக இருப்பது அதன் சிறிய வடிவம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் எண்களைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும் பைபாஸ் கருவியைப் பொருத்திவிடுவது அதன் முற்றிய வடிவம். திரவச் செலவு மிச்சம், விளக்கு எரியாது, வண்டி முன்பு போலவே நன்றாக ஓடும். பின்னால் நிற்பவரின் மூச்சுக்குள் மட்டும் பழைய நஞ்சு மறுபடியும் முழு அளவில் போகத் தொடங்கும்.

இது தனிமனிதரின் சிறு தந்திரம் என்று எண்ண வேண்டாம். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் மேல் வெளியிட்ட குற்றச்சாட்டு, இதே தந்திரம் ஒரு பெருநிறுவனத்தின் மென்பொருளில் எழுதப்பட்டிருந்ததை உலகுக்குக் காட்டியது. சோதனைக்கூடத்தின் உருளைகள் மேல் ஓடும்போது அந்தக் கார்கள் அதை அறிந்துகொண்டு சட்டத்துக்கு அடங்கி நடந்தன. சாலைக்கு வந்ததும் தூய்மைப்படுத்தும் வேலையைத் தளர்த்தின. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. அவற்றுள் யூரியா திரவம் பயன்படுத்திய கார்களை எண்ணிப் பாருங்கள். தொட்டி நிறைந்திருந்தது, பம்ப் நன்றாக இருந்தது, இன்ஜெக்டர் அடைபடவில்லை, வினையூக்கி புதியது. எந்த ஸ்கேனரும் அதில் ஒரு பிழையையும் கண்டிருக்காது. பாகங்கள் எல்லாம் நலமாக இருக்க, நோக்கம் மட்டும் கெட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், அளவுக்கருவிகளைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு, உண்மையான சாலைகளில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரையிலும்கூட ஓட்டிப் பார்த்தார்கள். சோதனைக்கூடத்தில் காட்டிய முகத்துக்கும் சாலையில் காட்டிய முகத்துக்கும் இடையே இருந்த தூரத்தை அந்தப் பயணங்கள் அளந்தன. இந்தியாவும் 2023 ஏப்ரல் முதல் சாலையிலேயே அளக்கும் முறையைப் புதிய கார்களுக்கு விதியாக்கியிருக்கிறது. அந்த வரலாற்றின் ஒளியில் பார்த்தால், எரிச்சலூட்டும் அந்தச் சிறு விளக்கின் மதிப்பு நமக்குப் புரியும். குறை சொல்லும் இயந்திரம், குறையே சொல்லாத இயந்திரத்தைவிட எத்தனையோ மடங்கு மேலானது.

எனினும் நியாயம் இரு பக்கமும் ஓட வேண்டும். இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று ஒரு வண்டி சொல்லும்போது, அதன் பின்னால் சமுதாயத்தின் அதிகாரம் நிற்கிறது. அண்டை மனிதரின் மூச்சை உன் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது என்கிறது அந்த அதிகாரம். அது சரியே. ஆனால் கட்டளையிடும் சாட்சி பிழைபட்டிருந்தால், தவறேதும் செய்யாத ஒருவர், மருத்துவமனைக்குப் போக வேண்டிய இரவில், நல்ல திரவமும் நல்ல பாகங்களும் இருந்தும் கிளம்பாத வண்டியின் முன் நிற்க நேரும். ஒரு சிறு சென்சார் கெட்டதற்காகத் தொட்டி முழுவதையும் மாற்றச் சொல்லும் அமைப்பும், பிழையின் பொருளை உரிமையாளருக்கும் தெருமுனை மெக்கானிக்குக்கும் விளங்காமல் பூட்டி வைக்கும் பழக்கமும், மக்களைப் பைபாஸ் கருவிகளை நோக்கித் தள்ளுகின்றன. பிறர் நலத்தைக் காக்கும் கடமையை மக்கள்மேல் சுமத்துகிறவர்கள், அந்தக் கடமையை நேர்மையாகவும் கட்டுப்படியாகவும் நிறைவேற்றும் வழியையும் சேர்த்தே தர வேண்டும். தர மறுத்தால், சட்டத்தை மீறுகிறவரின் குற்றத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்வியை அதன் முழு அகலத்தோடு பார்க்கலாம். நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைப்பது வண்டி ஓட்டுகிறவர் மட்டுமா? திருப்பூரின் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகள் மிக நன்றாகவே ஓடின. ஆடைகள் கடல் கடந்தன, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன, உள்ளிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, வயலும் கிணறும் கெட்ட உழவர்களுக்கே அந்த ஓட்டத்தின் மறுபக்கம் தெரிந்திருந்தது. அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஆற்றின் மேலே இருந்தவர்களின் வாயில் முதலில் வந்த சொல்லும், நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது என்பதாகவே இருந்திருக்கக்கூடும். அவர்களிடம் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. தம் செயலின் கடைசி முனை தம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

மனித அறத்தின் பெரும்பகுதி, தான் பட்ட துன்பத்தைப் பிறரும் படுவர் என்று உணர்வதில் தொடங்குகிறது. ஆனால் உணர்வு எட்டும் தூரம் சிறிது. நம் செயல்களின் கை நீண்டுகொண்டே போகிற காலத்தில், நாம் தொடும் இடங்களெல்லாம் நம் தோலுக்குத் தெரிவதில்லை; நம் வசதியின் கழிவு எந்தத் தெருவில், எந்த ஆற்றில், எந்தத் தலைமுறையின் மூச்சில் போய்ச் சேர்கிறது என்பதை இதயம் தானாக அறிந்து கூச்சப்படும் என்று காத்திருக்க முடியாது. எனவே, உணர்வு எட்டாத இடங்களில் ஒரு சாட்சியை நாமே நிறுவிக்கொள்ளக் கற்றிருக்கிறோம். நம்மைப் புகழ்வதற்காக அன்றி, நம் பின்னால் அமர்ந்து நாம் வெளியேற்றுவதை அளந்து, தேவைப்பட்டால் நம்மையே தடுப்பதற்காக. மனச்சான்று என்று முன்னோர் உள்ளே தேடியதன் ஒரு பகுதியை இன்று நாம் வெளியே, அளவுகளாகவும் விதிகளாகவும் நீதிமன்றங்களாகவும் அமைத்துக்கொண்டிருக்கிறோம். அது அறத்தின் வீழ்ச்சி அன்று. தன் பார்வையின் எல்லையை அறிந்த அறம் எடுத்து வைக்கும் அடுத்த அடி.

அந்தச் சாட்சிக்கு நாம் பட்டிருக்கும் கடமை இரண்டு: அதைக் காப்பது, அதை விசாரிப்பது. காக்காமல் விசாரிக்கிறவர் மெல்ல அதை ஊமையாக்கிவிடுவார். விசாரிக்காமல் காக்கிறவர் அதன் பிழைகளுக்கும் அடிமையாவார். இரண்டையும் ஒருங்கே செய்யும் பொறுமைக்குத்தான் பழுதறிதல் என்று பெயர், அது ஓர் ஒர்க்ஷாப்பில் நடந்தாலும், ஒரு நாட்டின் ஆட்சியில் நடந்தாலும், ஒரு மனிதர் தம்மையே ஆராயும் தனிமையில் நடந்தாலும்.

கடைசியாக ஒன்று. பழுது நீங்கிவிட்டது என்று எப்போது சொல்வோம்? விளக்கு அணைந்தபோது என்று சொன்னால், பைபாஸ் கருவியும் அதைச் செய்துவிடும். தேர்ந்த கைகள் விளக்கு அணைந்ததோடு வேலையை முடித்துக்கொள்வதில்லை. சூடேறிய வண்டியைச் சாலையில் பாரத்தோடு ஓட்டி, முன் சென்சார் சொல்லும் எண்ணும் பின் சென்சார் சொல்லும் எண்ணும் தக்க அளவு விலகி நிற்கின்றனவா, வெளியேறும் நஞ்சு மெய்யாகவே குறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை ஒப்படைக்கின்றன. மனிதரின் திருத்தத்துக்கும் இதைவிட நல்ல அளவுகோல் இருப்பதாகத் தெரியவில்லை. நம்மேல் உள்ள குற்றச்சாட்டு நீங்குவது வேறு, குற்றம் நீங்குவது வேறு. முன்னது நம் நிம்மதிக்கானது. மன்னிப்பாலும் மறதியாலும் தந்திரத்தாலும்கூட அதைப் பெற்றுவிடலாம். பின்னது நம்மால் துன்புற்றவருக்கு உரியது. அவர்மேல் விழுந்துகொண்டிருந்த தீங்கு நின்றாலன்றி அது நிகழாது. எனவே நாம் திருந்திவிட்டோமா என்பதற்கான விடை, நமக்குள் குடிகொண்ட அமைதியில் இல்லை. நமக்குப் பின்னால் வருகிறவர்கள் சுவாசிக்கும் காற்றில் இருக்கிறது.